விக்கிரமசிங்கபுரத்து யூ கோங்

மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பெயர் வேதமுத்து. இருபத்தெட்டு வருஷம் ஒரு ஆபீசில் டைப் அடித்துவிட்டு ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் சண்டை வருகிறது என்பதால், திருநெல்வேலியில் விடாமுயற்சி மேம்பாட்டு முகமையின் வாசலில், வேப்ப மரத்தடியில், ஒரு மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த முகமை இருக்கும்வரை என் பிழைப்புக்குப் பஞ்சமில்லை.

முகமையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எந்த ஆபீசில் மனு கொடுத்தாலும், ஒரு வருஷத்துக்குள் அது தீராவிட்டால், அந்த மனுவை இங்கே தள்ளிவிட வேண்டும் என்று உத்தரவு. இங்கே மனுவை யாரும் தொடமாட்டார்கள். மனு கொடுத்தவருக்கு மனம் தளராமல் இருக்கப் பயிற்சி கொடுப்பார்கள். திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை. நடுவில் டீயும் ஒரு பருப்பு வடையும் உண்டு. வடை கல் மாதிரி இருக்கும். அதைப் பற்றி மனு கொடுக்கலாம்தான்; ஒரு வருஷம் கழித்து அந்த மனுவும் இங்கேதான் வந்து சேரும்.

உள்ளே நுழைந்ததும் ஒரு கிழவர் சிலை. நீண்ட தாடி, கையில் மண்வெட்டி. சீன நாட்டுக் கதையில் வருகிற யூ கோங் என்பவர் அவர். முகமையின் தலைவர் ஒரு தடவை சீனாவுக்குச் சுற்றுப்பயணம் போனபோது, அங்கே கேட்ட இந்தக் கதையில் உருகிப் போய், வந்த கையோடு முகமையை ஆரம்பித்துவிட்டார். சிலையைச் செய்த நம்மூர் ஆசாரிக்குச் சீனக் கிழவர் எப்படி இருப்பார் என்று தெரியவில்லை. கொஞ்சம் முனிவர் சாயலில் செய்துவிட்டார். சனங்கள் வருகிற போகிற போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறார்கள். ஒரு அம்மாள் எலுமிச்சம்பழம்கூட வைத்துவிட்டுப் போனாள்.

இந்த இடத்துக்குத்தான் சங்கிலிபூதத்தான் வந்து சேர்ந்தார்.

வயது அறுபத்தொன்று. நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விக்கிரமசிங்கபுரத்தில் வாய்க்காலை ஒட்டிய ஒரு முட்டுச் சந்தின் கடைசி வீடு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் யாருடைய தோட்டத்து மதிலோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் பராமரிப்புக் கோட்டத்தார் வந்து தூர் வாரினார்கள். வாரிய வண்டலை எங்கேயாவது கொட்ட வேண்டாமா? சந்தின் குறுக்கே, சங்கிலி வீட்டு வாசலுக்கு முன்னால் கொட்டினார்கள். "நாளைக்கே எடுத்துருவோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறு வருஷமும் தூர் வாரினார்கள். கொட்டுவதற்கு ஒரு இடம் ஏற்கெனவே இருக்கும்போது வேறு இடம் தேடுவானேன் என்று அங்கேயே கொட்டினார்கள். மூன்றாம் வருஷமும் அப்படியே. மேடு ஒன்பதடிக்கு வளர்ந்து, புல் முளைத்து, ஆடு மேயவும் ஆரம்பித்துவிட்டது.

சங்கிலி அதில் படி வெட்டி ஏறி இறங்கிப் பழகிவிட்டார். அவர் மனைவி சொர்ணாம்பாளுக்குத்தான் இரண்டு முட்டியும் தேய்ந்து போயிற்று. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்று அந்த அம்மாளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள். உச்சிக்குப் போனதும் நாற்காலியின் கால் ஒடிந்தது. சொர்ணாம்பாள் உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தாள். தெருவே பார்த்தது. சிரித்தவர்கள் யார் யார் என்று அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"இனி என்னப் பாடையில வச்சுத் தூக்குனாத்தான் இந்த மேட்டத் தாண்டுவேன்" என்று அன்றைக்குச் சொன்னவள், பதினாலு மாசமாகச் சொன்ன சொல் மாறாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

இதுவரைக்கும்கூடச் சங்கிலி பொறுத்துப் போயிருப்பார். அவர்களுக்கு ஒரே மகள் மஹாலக்ஷ்மி. தச்சநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் உண்டானாள். ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு, முதல் பிரசவத்துக்குப் பெற்றவள் வீட்டுக்குக் கூட்டி வருவதுதானே வழக்கம்? தாய் மேட்டைத் தாண்டி வெளியே போக முடியாது. மகள் மேட்டைத் தாண்டி உள்ளே வர முடியாது. சங்கிலி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றபோது மகளுக்கு நாலாம் மாசம்.

"வேதமுத்து சார், இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள மண்ண எடுத்துருவாவல்லா?" என்று கேட்டார்.

அதுவரை வெவ்வேறு ஆபீசுக்கு அவர் இருபத்திரண்டு மனு கொடுத்திருந்தார். நான் இருபத்துமூன்றாவதை எழுதினேன். 'பணிந்து வேண்டுகிறேன்' என்பதை மூன்று இடத்தில் போட்டேன்.

முதல் திங்கட்கிழமைப் பயிற்சிக்குத் துணைக்கு நானும் உள்ளே போனேன். பயிற்சி அலுவலர் ஸ்ரீசரண் என்ற இளைஞர். சட்டைப் பையில் யூ கோங் படம் போட்ட அட்டை. ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம். திரையில் இரண்டு மலை தெரிந்தது.

"யூ கோங் என்பவருக்கு வயது தொண்ணூறு. அவருடைய வீட்டு வாசலை இரண்டு மலைகள் மறைத்துக்கொண்டிருந்தன. வெளியே போக வேண்டும் என்றால் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். அவர் என்ன செய்தார்?"

"மனு போட்டாரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இல்லை. மண்வெட்டியை எடுத்தார். தோண்ட ஆரம்பித்தார். ஊரே சிரித்தது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? நான் செத்தால் என் மகன் தோண்டுவான், அவன் செத்தால் பேரன் தோண்டுவான், எங்கள் வம்சம் வளரும், ஆனால் மலை வளராது, பிறகென்ன கவலை என்றார். இதுதான் விடாமுயற்சி. எல்லோரும் ஒருமுறை கை தட்டுங்கள்."

தட்டினோம். சங்கிலி எழுந்து நின்றார்.

"தம்பி, ரெண்டு சந்தேகம். அந்த மலை வளரலன்னு சொல்லுதிய. என் மலை வருஷா வருஷம் வளருதே, அதுக்கு என்ன செய்ய?"

"அது உள்ளூர்ச் சூழல். பாடத்திட்டத்தில் வராது."

"சரி. அந்தக் கிழவருக்கு மண்ணு அள்ளுததுக்கு யாரு அனுமதி குடுத்தா?"

ஸ்ரீசரண் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். "அனுமதி பற்றிக் குறிப்பு இல்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன்" என்றார். அதற்குள் வடை வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ஊருக்குப் போன சங்கிலி, கதை கேட்ட உற்சாகத்தில் மண்வெட்டியை எடுத்து மேட்டை வெட்ட ஆரம்பித்தார். நாலு கூடை அள்ளியிருப்பார். வாய்க்கால் பராமரிப்புக் கோட்டத்திலிருந்து மூன்று பேர் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மூன்று வருஷமாக இருபத்துமூன்று மனு போட்டும் வராதவர்கள், நாலு கூடை மண்ணுக்கு அரை மணி நேரத்தில் வந்தார்கள். அந்தச் சந்துக்கு வழி அவர்களுக்கு மறந்துபோகவில்லை என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"அரசாங்கத்துக்குச் சொந்தமான வண்டல் வே இது. ஒம்ம இஷ்டத்துக்கு அள்ளுவீரா?" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

"அப்பம் நீங்களே அள்ளிக்கிட்டுப் போங்களேன் அய்யா."

"அள்ளுதது எங்க வேலை இல்ல. யாரும் அள்ளாமப் பாத்துக்கிடுதது எங்க வேலை."

மண்வெட்டியைப் பறிமுதல் செய்து, ரசீது கொடுத்துவிட்டுப் போனார்கள். நாலு கூடை மண்ணையும் திரும்ப மேட்டிலேயே கொட்டச் சொல்லி, கொட்டி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

நான் கைப்பேசியில் அந்த யூ கோங் யார் என்று தேடிப் பார்த்தேன். சீன மொழியில் அந்தப் பெயருக்கு 'மடக் கிழவர்' என்று அர்த்தமாம். இதை நான் சங்கிலியிடம் சொல்லவில்லை. அந்த மனுஷன் பாவம், பயிற்சியில் கொடுத்த யூ கோங் படத்தைப் பர்சில் வைத்திருந்தார்.

ஐந்தாம் மாசம் போயிற்று. ஆறாம் மாசமும் போயிற்று. சங்கிலி பயிற்சியில் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை எல்லாம் தேறினார். மூன்றாம் நிலை என்பது, ஒரே மனுவைப் பார்க்காமல் திரும்ப எழுதுவது. வெள்ளைத் தாளைக் கொடுத்தால் 'ஐயா, வணக்கம்' முதல் 'இப்படிக்கு' வரை ஒரு கமா பிசகாமல் எழுதுவார். மனு எண்ணிக்கை முப்பத்தொன்றைத் தொட்டது. ஒவ்வொரு திங்களும் பயிற்சி முடிந்ததும் தச்சநல்லூர் போய் மகளைப் பார்த்துவிட்டு, அவள் என்ன சாப்பிட்டாள், கால் வீங்கியிருக்கிறதா என்பதையெல்லாம் மனைவியிடம் போய் ஒப்பிப்பார். சொர்ணாம்பாள் கேட்டுக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்போதுதான் சம்பந்தி அம்மாள் போன் செய்தாள். நான் அன்றைக்குச் சங்கிலி வீட்டில் இருந்தேன்; மனு எழுத வந்தவன் மேடு ஏறிய களைப்பில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"மதினி, தப்பா நெனைக்காதிய" என்றது போன். "வயித்துப் பிள்ளக்காரி எப்படி மலை ஏறி வருவா? வர்ற வெள்ளிக்கெழம காலைல வளைகாப்பு. அதுக்குள்ள மண்ண எடுக்க முடியலன்னா, பிரசவத்த இங்கனயே பாத்துக்கிடுதோம். நீங்க போன்ல பாத்துக்கிடுங்க."

போனை வைத்துவிட்டு சொர்ணாம்பாள் உடைந்துவிட்டாள்.

"ஊரு ஆயிரம் பேசும், பேசிட்டுப் போட்டும். எம் பிள்ளைக்கு வலி எடுக்கைல, நான் இங்கன உக்காந்து போன்ல பாத்துக்கிட்டு இருக்கணுமா? அவ அம்மான்னு கூப்பிட்டா நான் எதுக்குள்ள கைய விட்டு அவ கையப் புடிப்பேன்?"

சங்கிலி தலையைக் குனிந்துகொண்டார். நான் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த திங்கள் இருவரும் நேரே இயக்குநர் சாய்கிருஷ்ணனின் அறைக்குப் போனோம். பெரிய அறை. மேஜை மேல் குட்டி யூ கோங். சங்கிலி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார்.

"உணர்ச்சிவசப்படாதீங்க, சங்கிலி. உங்க மண்ணு நாளைக்கே போயிருச்சுன்னு வைங்க. அப்புறம் நீங்க யாரு? தெருவுல போற சாதாரண ஆளு. இன்னிக்கு நீங்க யாரு? முப்பத்தோரு மனு போட்ட மனுஷன். எங்க ஆண்டறிக்கையோட முதல் பக்கம் நீங்கதான். களக்காட்டுல ஒருத்தர் இருந்தார். பன்னி வந்து வாழையை அழிக்குதுன்னு ஒன்பது மனு போட்டார். நாங்களும் ஆசை ஆசையா வளர்த்தோம். பத்தாவதுக்குள்ள வெறுத்துப் போய் வாழை போடுறதையே நிறுத்திட்டார். பன்னியும் வரல. மனுவும் வரல. எங்களுக்கு எவ்வளவு தலைகுனிவு தெரியுமா?"

"அய்யா, எம் மக..."

"உங்க மகளும் இதைப் பார்த்து வளரட்டும். பிறக்கப் போற குழந்தையும் பார்க்கட்டும். மூணு தலைமுறை! யூ கோங் கதை அப்படியே இருக்கு பாருங்க. இந்த வருஷ யூ கோங் விருது உங்களுக்குத்தான். வர்ற வெள்ளிக்கிழமை தலைவரே உங்க வாசலுக்கு வந்து கொடுக்கிறார்."

"வெள்ளிக்கெழம எம் மகளுக்கு வளைகாப்பு அய்யா."

"நல்ல நாள்னு நீங்களே சொல்லிட்டீங்க" என்றார் இயக்குநர்.

மறுநாளே சந்தில் வேலை தொடங்கியது. 'மண்மேடு' என்ற சொல் மனுதாரரின் மனவுறுதியைக் குறைத்துக் காட்டுவதால் இனி 'மலை' என்றே எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஒருவர் வந்து அளந்து, உயரம் ஒன்பதடி நாலு அங்குலம் என்று குறித்துக்கொண்டு போனார். சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். பலகை வைத்தார்கள்: 'விடாமுயற்சி மலை. இதன் மீது ஏறுவதும் ஆடு மேய்ப்பதும் அசுத்தம் செய்வதும் தண்டனைக்குரியது.'

"ஏறாம நான் எப்படி வே வீட்டுக்குப் போக?" என்று சங்கிலி கேட்டதற்கு, புகைப்படம் ஒட்டிய ஏறுதல் அனுமதி அட்டை ஒன்று கொடுத்தார்கள். சொர்ணாம்பாளுக்கும் ஒன்று வேண்டும் என்றோம். விண்ணப்பதாரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மலை ஏறாமல் அவள் எப்படி நேரில் வருவாள் என்று கேட்டோம். அதற்கு முதலில் அனுமதி அட்டை வாங்க வேண்டும் என்றார்கள். நான் சண்டைக்கு எழுந்துவிட்டேன். சங்கிலி என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் இயக்குநரும் ஸ்ரீசரணும் ஏற்பாடுகளைப் பார்வையிட வந்தார்கள். மேடையைச் சங்கிலி வீட்டு வாசலிலேயே போடுவதாகத் திட்டம். இயக்குநர் சந்து முனையில் நின்று பார்த்தார். முகம் வெளிறிப் போயிற்று.

"தலைவர் கார் மேடைக்கு எப்படிப் போகும்?"

"நடந்துதான் சார் போகணும்" என்றார் ஸ்ரீசரண்.

"தலைவர் நடப்பாரா? அவர் நடந்து யாராவது பார்த்திருக்காங்களா? குறுக்கே என்னய்யா இது?"

"அதுதான் சார்..."

"எதுவா இருந்தா என்ன! உடனே எடுக்கச் சொல்லு!"

அம்பாசமுத்திரம் சாலையில் ஜேசிபி வைத்திருக்கும் இசக்கிக்குப் போன் போனது. இசக்கி இருபது நிமிஷத்தில் வந்தான். மனு இல்லை, கோப்பு இல்லை, ரசீது இல்லை. வேலியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரே மூச்சில் அள்ள ஆரம்பித்தான். செய்தி எப்படிப் பரவியதோ, பக்கத்து வயல்காரர்கள் டிராக்டரோடு வந்து வரிசையில் நின்றார்கள். மூன்று வருஷத்து வண்டல் அல்லவா, வயலுக்கு அதைவிட என்ன வேண்டும்! நாற்பத்தைந்தாவது நிமிஷத்தில் சந்து சுத்தமாக இருந்தது. தரையில் பழைய சிமெண்டுப் பாதைகூடத் தெரிந்தது.

"முடிஞ்சுது அண்ணாச்சி. இதுக்கா மூணு வருஷம் அலைஞ்சிய? எனக்கு ஒரு போன் போட்டிருந்தா வந்துருப்பேனே!" என்றான் இசக்கி.

"போட்டுருந்தா ஒன் வண்டியையும்லா புடிச்சுட்டுப் போயிருப்பானுவ" என்றார் சங்கிலி.

சொர்ணாம்பாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்து முனையில் பஸ் போவது வீட்டிலிருந்தே தெரிந்தது. பதினாலு மாசம் கழித்து அதைப் பார்க்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், பட்டுப்புடவை கட்டி, வளையல் பெட்டியும் பலகாரத் தூக்குமாகத் திரும்பி வந்தாள்.

"நான் தச்சநல்லூருக்குப் போறேன். நீங்களும் வாங்க" என்றாள் புருஷனிடம்.

ஸ்ரீசரண் குறுக்கே வந்தார். "விருதாளர் இடத்தை விட்டு நகரக் கூடாது சார். நீங்க இல்லைன்னா விழா ரத்து. விழா ரத்துன்னா மண்ணு திரும்ப வந்துடும்."

சங்கிலி மனைவியைப் பார்த்தார். "நீ போயிட்டு வாட்டி. அவள இங்கன கூட்டிட்டு வா. நான் இந்த இடத்தக் காத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு பைய நடந்து, ஆட்டோவில் ஏறிப் போனாள். இசக்கி ஜேசிபியை ஓரங்கட்டி வழி விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு 'மலையை எதிர்கொள்ளும் மாமனிதர்' என்று எழுதிய பேனரோடு வந்த ஸ்ரீசரண், பேனரை எங்கே கட்டுவது என்று பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பின்னாலேயே வந்த இயக்குநர் கத்தினார்.

"மலை எங்கய்யா?"

"நீங்கதான் சார் எடுக்கச் சொன்னீங்க."

"கார் போக இடைஞ்சலா இருந்ததை எடுக்கச் சொன்னேன். மலையையா எடுக்கச் சொன்னேன்? தலைவர் வந்து எதைப் பார்ப்பார்? மலை இல்லாத ஆளுக்கு எதுக்கு விருது?"

இசக்கிக்கு மறுபடி போன் போனது. "மண்ணு ஆறு வயலுக்குப் போயி, தண்ணியும் பாச்சியாச்சு சார். இனி கரண்டியாலதான் அள்ளணும்" என்று அவன் சொல்லிவிட்டான்.

கடைசியில் கைகொடுத்தவன் பந்தல்காரன் சுடலைராஜ்தான். மூங்கிலை வளைத்துக் கட்டி, சாக்கைப் போர்த்தி, சேற்றைக் குழைத்துப் பூசி, மேலே புல்லும் ஒட்டி, பத்தரை மணிக்குள் ஒரு மலையைச் செய்து முடித்தான். கார் வருவதற்கு வழி விட்டு, மேடைக்குப் பின்னால், சங்கிலி வீட்டு கேட்டை அடைத்தாற்போல அதை நிறுத்தினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய மேட்டைவிட இது லட்சணமாக இருந்தது. இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பறிமுதல் செய்த மண்வெட்டியை ஒரு நாள் உபயோகத்துக்கு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு சங்கிலியிடம் கொடுத்தார்கள். மலைக்கு முன்னால், வெட்டுவதுபோல் நிற்க வேண்டும். வெட்டிவிடக் கூடாது, வெட்டினால் மூங்கில் தெரியும். அவர் நின்றார். வாய் மட்டும், "இந்நேரம் வளையல் போட்டிருப்பாவ" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

பதினொன்றரை மணிக்குத் தலைவர் வந்தார். காரிலிருந்து மேடைக்கு ஆறடி. பேச ஆரம்பித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! மற்ற மாவட்டங்களிலே பிரச்சினைகளைத் தீர்க்கிறார்கள். தீர்த்தால் என்ன மிச்சம்? ஒன்றுமே மிச்சமில்லை! நாம் பிரச்சினையைக் காப்பாற்றி, அதிலிருந்து மனிதர்களை உருவாக்குகிறோம். இதோ நிற்கிறாரே, இவரை உருவாக்க நமக்கு மூன்று வருஷம் பிடித்திருக்கிறது. ஒரே நாளில் மண்ணை அள்ளியிருந்தால் இப்பேர்ப்பட்ட மனிதர் நமக்குக் கிடைத்திருப்பாரா?"

முகமை ஊழியர்கள் கை தட்டினார்கள். அந்தத் தட்டலுக்கு நடுவே சந்து முனையில் ஒரு கார் திரும்பியது. மேடை வரைக்கும் வந்து நின்றது. முதலில் சொர்ணாம்பாள் இறங்கினாள். பிறகு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கை வரை கண்ணாடி வளையல் குலுங்க, கழுத்தில் மாலையோடு மஹாலக்ஷ்மி இறங்கினாள். முகமெல்லாம் சந்தனம். வாசலைப் பார்த்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

"யாரு இத மறுபடியும் கொண்டாந்து வச்சது?" சொர்ணாம்பாளின் குரல் மைக்கையும் மீறிக் கேட்டது. "நேத்து சுத்தமாத்தானே கெடந்துச்சு! எம் பிள்ள வெயில்ல நிக்கா. ஏங்க, ஒங்களத்தான், மலையப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பியளா இன்னமும்?"

சங்கிலி மண்வெட்டியைக் கீழே போட்டார். அதுவரை நான் அவர் சத்தம் போட்டுக் கேட்டதில்லை.

"ஏலே சுடலைராஜ்! தூக்குலே அத!"

தலைவர் அந்த நேரம் கதையின் முடிவுக்கு வந்திருந்தார். "கிழவரின் விடாமுயற்சியைக் கண்டு வானுலகத்துக் கடவுள் மனம் இரங்கினார். பலசாலிகள் இரண்டு பேரை அனுப்பினார். அந்த இருவரும் ஆளுக்கொரு மலையைத் தோளிலே..."

சுடலைராஜ் ஒரு பக்கமும் அவன் மச்சினன் மறு பக்கமும் பிடித்து, 'ஏலே பைய, பைய' என்று சொல்லிக்கொண்டே மலையைத் தோளில் தூக்கி, மேடைக்கு முன்னால் நடந்து, தலைவரைக் கடந்து, வாய்க்கால் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். போகிற வழியில் கொஞ்சம் புல் உதிர்ந்தது.

தலைவர் கண் கலங்கினார். "அற்புதம்! கதையையே கண்முன் நடத்திக் காட்டிவிட்டீர்களே!" என்று இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இயக்குநர் கொஞ்சமும் தயங்காமல், "எல்லாம் உங்க வழிகாட்டுதல் சார்" என்றார்.

யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. சொர்ணாம்பாள் ஆலாத்தி சுற்றிக் கொட்டினாள். மஹாலக்ஷ்மி வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் போனாள். சங்கிலி கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

விழா முடிந்து எல்லோரும் போன பிறகு ஸ்ரீசரண் ஒரு தாளோடு உள்ளே வந்தார். மலை அகன்றுவிட்டதால் கோப்பை முடிக்க வேண்டுமாம். பயனாளி ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டுமாம். நான் வழக்கம்போலப் பேனாவைத் திறந்தேன். சங்கிலி என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

'மலையை அகற்றியது எது? ஒரே சொல்லில் எழுதவும்.'

அவர் யோசிக்கவே இல்லை. 'கார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்ரீசரண் படித்துப் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இதுக்கு ஒரு விடைதான் சார் உண்டு. எல்லாருக்கும் தெரிஞ்ச விடை, எங்க ஆபீஸ் பேர்லயே இருக்கு. இதை நான் கொண்டுபோனா கோப்பு மூடாது. திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து திருத்தி எழுதிக் கொடுங்க."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. அம்மாவும் மகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"திங்கக்கெழம வர முடியாது தம்பி. எம் மக வந்துருக்கா" என்றார் சங்கிலிபூதத்தான்.